காலால் மிதித்து நடக்கும் வரைபடம்

போன தவணை தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ஆபிரிக்காவை ஐரோப்பியர்கள் பங்குபோட்ட கதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். "டீச்சர், அங்க இருந்த சாமான் எல்லாத்தையும் வெள்ளக்காரன் கொண்டு போனா, இப்ப ஆபிரிக்காவுல மியூசியத்துக்குள்ள என்ன இருக்கும்?"

வகுப்பே சிரித்தது. எங்களுக்குப் பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றன்" என்று சமாளித்துவிட்டு வந்தோம். பின்னேரம் ஓய்வறையில் மற்ற ஆசிரியர்களோடு கதைத்தோம், பிறகு தேடித் தேடி வாசித்தோம். நாளை என்பது இரண்டு கிழமையாகிவிட்டது. வாசித்ததையும், அதற்குப் பிறகு நடந்ததையும் இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நேரடிப் பதில். 2021இல் நைரோபி தேசிய நூதனசாலையில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் வெறும் கண்ணாடிப் பெட்டிகளையே காட்சிக்கு வைத்திருந்தார்கள். கென்யாவிலிருந்து வெளியே போய் உலகத்து நூதனசாலைகளில் கிடக்கும் பொருட்களைக் கணக்கெடுத்தபோது 32,000க்கும் மேலே வந்ததாம். அவை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது என்பதைக் காட்டத்தான் அந்தப் பெட்டிகள். பதினைந்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்வியைத்தான் கென்யக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பிரான்சின் அரச சேகரிப்புகளில் மட்டும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவின் பொருட்கள் ஏறக்குறைய 90,000 இருப்பதாக 2018இல் செனகல் நாட்டு ஃபெல்வின் சார், பிரான்சின் பெனடிக்ட் சவுவா என்ற இரு அறிஞர்கள் எழுதிய அறிக்கை சொல்கிறது. அதற்குப் பிறகு 2021 நவம்பரில் 26 பொருட்கள் பெனின் நாட்டுக்குத் திரும்பின. 1892இல் அபோமே அரண்மனையிலிருந்து பிரெஞ்சுப் படை எடுத்துப் போன சிம்மாசனங்கள், அரசர்களின் சிலைகள். தொண்ணூறாயிரத்தில் இருபத்தாறு. வீதம் கணக்குப் பார்க்கச் சொன்னோம், வகுப்பில் ஒருவன் "இது கூட்டிப் பார்க்கவும் காணாது டீச்சர்" என்றான்.

பெனின் என்ற பெயரில் இரண்டு இடம் உண்டு, குழம்பவேண்டாம். மற்றது நைஜீரியாவில் உள்ள பெனின் நகரம். 1897இல் பிரித்தானியப் படை அதை எரித்து, ஆயிரக்கணக்கான பித்தளை, தந்த வேலைப்பாடுகளை அள்ளிப் போனது. ஜேர்மனி 2022 டிசம்பரில் இருபதளவிலானவற்றைத் திருப்பிக் கொடுத்தது. வந்தவை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அதற்குப் பிறகு தொடங்கியது. 2023இல் நைஜீரிய ஜனாதிபதி, அவை ஓபா என்று அழைக்கப்படும் பெனின் மன்னருக்கே உரியவை என்று அறிவித்தார். அதே நகரத்தில் கட்டிய புதிய நூதனசாலையின் திறப்பு 2025 நவம்பரில் மன்னரின் ஆதரவாளர்களின் எதிர்ப்பால் நடக்காமல் போனது. இதைப் பார்த்துவிட்டு "இவங்களுக்கு எதுக்குக் குடுக்கிற" என்று ஐரோப்பாவில் சிலர் கதைப்பார்கள். வாப்பாவின் காணியைப் பங்கு பிரிப்பதில் பிள்ளைகள் சண்டை பிடித்தால், பறித்தவனே காணியை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகுமா?

எங்கள் நாட்டுக்கும் 2023இல் ஒல்லாந்திலிருந்து ஆறு பொருட்கள் வந்தன. கண்டி அரண்மனையில் கொள்ளைபோன லெவ்கே பீரங்கியும் அதில் ஒன்று. அது வந்தபோது எங்கள் வீடுகளில் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததாக ஞாபகம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சாமான் நமக்குரியது என்ற எண்ணமே நம்மிடம் இல்லை.

இதைத்தான் மாலி நாட்டின் அல்ஃபா ஊமர் கொனாரே எப்போதோ சொல்லியிருக்கிறார். தொல்லியல் படித்தவர், உலக நூதனசாலைகள் சபைக்குத் தலைவரான முதல் ஆபிரிக்கர், பிறகு 1992 முதல் 2002 வரை மாலியின் ஜனாதிபதி. ஐரோப்பிய அச்சில் வார்த்த நூதனசாலையை ஆபிரிக்கா கைவிட்டு, தன் மக்களுக்குப் பொருந்துவதைத் தானே உண்டாக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அப்படி ஒன்றை அதே மாலியில், ஃபொம்போரி என்ற சின்னக் கிராமத்தில் செய்தார்கள். வறுமையால் சனம் பரம்பரைச் சாமான்களைப் பழம்பொருள் வியாபாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. 1997இல் அங்கே ஒரு 'கலாசார வங்கி' தொடங்கினார்கள். முகமூடியோ, நகையோ, வீட்டுச் சாமானோ கொண்டுபோய் அந்த ஊர் நூதனசாலையில் வைத்தால், அதன் பேரில் சிறுகடன் கிடைக்கும். சாமான் உங்களுடையதுதான், விற்கப்படாது. எங்களுக்கு நாமெல்லாரும் அறிந்த அடகுக்கடைதான் ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே கடன் தொகையைத் தீர்மானிப்பது சந்தை விலை அல்ல. அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு வரலாறு தெரியும் என்பதைப் பார்த்துத்தான் காசு. யார் செய்தது, எந்தச் சடங்குக்கு, யாரிடமிருந்து வந்தது என்று கதை நீள நீளக் கடனும் கூடும். வட்டி விடயம் நமக்கு ஒத்துவராது, அது வேறு. ஆனால் கதைக்குப் பெறுமதி போட்ட ஒரு அடகுக்கடையை நாங்கள் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

இதை வாசித்த உற்சாகத்தில், வீட்டில் உள்ள பழைய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அது யோசிக்காமல் செய்த வேலை. புத்தளத்துப் பிள்ளைகள் வெற்றிலை வட்டா, படிக்கம், அறபுத்தமிழ்க் கிதாபு எல்லாம் கொண்டுவந்தார்கள். ஒரு உம்மும்மா, "மகள், காலையில கொண்டு போய் பின்னேரம் கொண்டு வந்துரணும், கலியாண வீட்டுக்கு வேணும்" என்று சொல்லித்தான் வட்டாவைக் கொடுத்தாராம். எங்கள் பிள்ளைகள், அதாவது 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வெறுங்கையோடு வந்தார்கள். ஒருத்தி மட்டும் முகாம் காலத்து நிவாரண அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். "வீட்டுல இதுதான் டீச்சர் பழசு." அன்றைக்கு எங்களால் பாடம் நடத்த முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நூதனசாலையை வேறு கண்ணால் வாசித்தோம். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது கேப்டவுன் நகருக்குள் பல இனத்தவரும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், சேர்ந்து வாழ்ந்த இடம். 1966 பெப்ரவரி 11ஆம் திகதி அது வெள்ளையருக்கு மட்டும் என்று நிறவெறி அரசு அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டவர்களை நகருக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தினார்கள். வீடுகளை புல்டோசரால் இடித்துத் தள்ளினார்கள். பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மட்டும் விட்டுவைத்தார்கள். துரத்தப்பட்டவர்கள் தூரத்திலிருந்து அதே பள்ளிக்குத் தொழ வந்தார்களாம். இந்த வரியை நாங்கள் இரண்டு தடவை வாசித்தோம்.

1994 டிசம்பரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் அந்த நூதனசாலை திறந்தது. வைப்பதற்குச் சாமான் பெரிதாக இல்லை. அதனால் தரையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார்கள், இல்லாமல் போன தெருக்களின் வரைபடம். பழைய குடியிருப்பாளர்கள் வந்து அதன் மேல் நடந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். ஒரு நீளத் துணியிலும் பெயரும் ஞாபகமும் எழுதி, பிறகு அதை நூலால் தைத்தார்கள். தெருப் பெயர்ப் பலகைகள் கிடைத்த கதைதான் விசித்திரம். இடிப்பு வேலையை மேற்பார்வை செய்த ஆளே அவற்றை எடுத்து ஒளித்து வைத்திருந்தானாம். இடித்தவனின் மனதில் என்ன இருந்தது என்று நாங்கள் நெடுநேரம் கதைத்தோம், முடிவுக்கு வரவில்லை.

அந்த வரைபடம் அழுவதற்கு மட்டும் இருக்கவில்லை, காணியைத் திருப்பிக் கேட்கும் போராட்டமும் அதோடு சேர்ந்தே நடந்தது. முதல் இருவருக்கு 2004இல்தான் வீட்டுத் திறப்பு கிடைத்தது. இருவரும் எண்பது வயது தாண்டியவர்கள். மற்றவர்களில் பெரும்பாலானோர் இன்னும் காத்திருந்தார்கள், பலர் காத்திருந்தே மௌத்தாகிப் போனார்கள்.

கேப்டவுன் நமக்கு அவ்வளவு தூரமும் இல்லை. அங்கே இஸ்லாத்தை வேரூன்றச் செய்தவராக மதிக்கப்படும் மக்காஸர் ஷெய்க் யூசுஃப், ஒல்லாந்தரால் 1684இல் முதலில் நாடு கடத்தப்பட்டது இலங்கைக்குத்தான். பத்து வருடம் இங்கே இருந்து எழுதினார், படிப்பித்தார். பிறகு இன்னும் தூரத்துக்கு என்று 1694இல் கேப்புக்கு அனுப்பினார்கள், 1699இல் அங்கேயே மௌத்தானார். அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது நிவாரண அட்டைக்காரி, "அவரும் அகதியா டீச்சர்?" என்றாள்.

போன மாதம் நாலு வெள்ளைப் பெட்சீட்டைச் சேர்த்துத் தைத்து, மத்ரஸா மண்டபத்தில் விரித்தோம். ஊரின் பெரிய வீதியை மட்டும் நாங்கள் வரைந்தோம், மற்றதைப் பெரியவர்களிடம் விட்டோம். முதலில் யாரும் மிதிக்கவில்லை. "துணிய மிதிக்கிறதா" என்று ஓரமாக நின்றார்கள். பிறகு ஒரு மூத்த மாமி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடந்துபோய் ஒரு மூலையில் குந்தினார். "இதுதான் எங்கட வாசல். இதுல ஒரு முருங்க நின்டது." அவ்வளவுதான். அஸர் வரைக்கும் ஒருவரும் எழும்பவில்லை. திரும்பிப் போய் வீடு கட்டியவர்கள் ஒரு பக்கம், இங்கேயே இருந்துவிட்டவர்கள் ஒரு பக்கம் என்று வழமையாக வரும் கதையும் அன்றைக்கு வரவில்லை. பேரப்பிள்ளைகள் பேனையோடு பின்னால் நடந்தார்கள்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மறுபடியும் விரிக்கிறோம். சாமான் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. வயதானவர்களை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள், பெண்களுக்குத் தனியாக இடம் இருக்கிறது. பள்ளிக் கிணறு ஹவுழுக்குக் கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு பக்கமும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.