குப்பியில் முளைக்கும் மலர்

இன்று காலை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், ஆர்க்கிட் செடிகளின் நிழற்பந்தலின் கீழே, முதிய தோட்டக்காரர் ஒருவர் சிறுகுச்சியின் நுனியில் மஞ்சள் நிற மகரந்தத் திரளை ஏந்தி, அதனை வேறொரு மலரின் நடுவே மெல்லப் பதித்து, தேதி எழுதிய சீட்டொன்றைக் காம்பில் கட்டியதை நெடுநேரம் நின்று கண்டேன்.

ஆர்க்கிட் விதை தூசியைப் போல் நுண்ணியது. முளைப்பதற்கு வேண்டிய ஆகாரத்தைத் தன்னுள் கொண்டிராத காரணத்தால், காட்டில் பூஞ்சையின் சகாயமின்றி அது ஜீவிக்க இயலாது. அந்தப் பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த கடற்பாசிக் கூழைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, கிருமி அணுகாமல் விதையை முளைக்கச் செய்யும் முறையைத் துணைகொண்டு, 1928-இல் இப்பூங்காவின் இயக்குநர் எரிக் ஹோல்ட்டம் கலப்பின முயற்சியைத் தொடங்கினார். குப்பிக்குள் தோன்றும் அந்தப் பச்சைப் புள்ளி பூத்துக் குலுங்கச் சில ஆண்டுகள் ஆகும்; அது குப்பியை விட்டு வெளிவந்த நாள் முதல் வேர் அழுகாமல் அளவறிந்து நீர் வார்ப்பவர் தோட்டக்காரரே. ஆராய்ச்சிசாலைக்கு நாம் அளிக்கும் மரியாதை அந்தக் கைகளுக்கும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அங்கே செல்லும் நண்பர்களே, மலரைப் படம் எடுப்பதற்கு முன், அருகே குனிந்து வேலை செய்பவரிடம் அன்போடு இரண்டு வார்த்தை பேசுங்கள்.