ஆறாவது புத்தகம்

பிரித்தானிய நூலகங்களில் 1999 முதல் கோடைகால வாசிப்புச் சவால் நடக்கிறது. விடுமுறைக்குள் வழமையாக ஆறு புத்தகங்கள். எதை எடுப்பது என்பது பிள்ளையின் விருப்பம். ஏழு வயதுப் பேத்தி ஐந்தை நொடியில் எடுத்துவிட்டாள். ரோல்ட் டால், சித்திரக்கதைகள். ஆறாவது தமிழில் இருக்கட்டும் என்றேன்.

அங்கேதான் சிக்கல். தமிழ் அலுமாரியில் அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியவை ஆடு, இலை என்று மூன்று வயதுக்கானவை. வயதுக்கேற்றவையோ நீதிக்கதைகள், முழநீள வசனங்கள்.

“அம்மம்மா, இதில ஒருத்தரும் சிரிக்கேல்லையே?”

நியாயமான கேள்வி. விடுமுறையிலுமா புத்திமதி?

கீழ்த்தட்டில் சென்னைத் தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பெரிய படம், பக்கத்துக்கு இரண்டு வரி. பேருந்திலேயே தொடங்கிவிட்டாள். தமிழ் பிடிபடாதபோது ஆங்கில வரியைக் களவாகப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.