படத்தில் அவனுக்கு என்ன வேலை?

எந்தப் படத்துக்குப் போய் உட்கார்ந்தாலும் எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கதாநாயகனுக்கு என்ன வேலை? காலையில் எழுந்து எங்கே போகிறான்? மாசச் சம்பளமா, வாரச் சம்பளமா? ஒரு நாள் லீவு போட்டால் யாரிடம் பேச்சு வாங்குவான்? இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கும் படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எனக்குப் பிடித்துவிடும். இல்லாத படம் எத்தனை கோடியில் எடுத்திருந்தாலும் பாதியிலேயே மனசு விட்டுப் போய்விடும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று பழகியவளுக்கு இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஒரு டீ-ஷர்ட்டைக் கையில் எடுத்தால் தோள் தையல், கழுத்துப் பட்டி, கை, அடிமடிப்பு என்று கண் தானாக ஓடும். எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே பிசிறு நிற்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்த பிறகுதான் அது என்ன நிறம் என்பதே மனசில் பதியும். படத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

சொந்த ஊர் அமராவதி நகர். அணை இருக்கிறது, முதலைப் பண்ணை இருக்கிறது, 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது; தியேட்டர் கிடையாது. படம் என்றால் உடுமலைக்கு பஸ் ஏற வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமைதான் படத்துக்குத் தோதான நாள். நூறு ரூபாய்க்குள் இருக்கிற டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. நூறைத் தாண்டினால் 18தான். பஸ், டிக்கெட், இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஏதாவது என்று நாலு பேர் போய் வந்தால் ஒரு நாள் கூலி கரைந்துவிடும். அதனால் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை எங்களுக்கு நிறையவே உண்டு என்று நினைக்கிறேன்.

'அமரன்' 2024 அக்டோபர் 31, தீபாவளியன்றே வந்தது. போனஸ் கையில் இருந்த நேரம். விடிகாலையில் சைனிக் பள்ளிப் பையன்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால் எங்கள் தெருவே கிளம்பிப் போனது. படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிர் துறந்தவர். அசோக சக்ரா பெற்றவர். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்தும் உட்கார வைத்தது சாய் பல்லவியின் கையில் இருந்த போன்தான். கணவர் எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, அடுத்த போன் எப்போது வரும் என்று காத்திருக்கும் பெண்ணின் நாட்களைப் படம் பொறுமையாகக் காட்டியது. ராணுவத்தை ஒரு குடும்பத்தின் உத்தியோகமாகவும் பார்த்த படம் அது. ஒரு குறை உண்டு. அங்கே வாழும் காஷ்மீர் ஜனங்கள் அந்தப் படத்தில் பெரும்பாலும் முகமில்லாமலே வந்து போகிறார்கள். அவர்களுக்கும் வீடும் வாசலும் பிழைப்பும் இருக்குமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் பேச்சு எங்கள் காதுக்கே கேட்ட படம் 'குடும்பஸ்தன்'. 2025 ஜனவரியில் வந்தது. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கம், மணிகண்டன் நடிப்பு. கொங்குத் தமிழை நக்கலுக்கு மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் சினிமாவில் நெடுநாளாக உண்டு. இதில் கோபம், கெஞ்சல், கடன் கேட்பது, கடன் இல்லையென்பது எல்லாம் அதே பேச்சில் நடக்கிறது. நாயகனுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்கு வீட்டைச் சீர் செய்ய வேண்டும், அம்மாவுக்குத் தீர்த்த யாத்திரை போக வேண்டும், மனைவி ஐஏஎஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள். பணக்கார மச்சான் எந்த விசேஷத்திலும் இவனைக் குத்திக் காட்டத் தவறுவதில்லை. குரு சோமசுந்தரம் செய்த அந்த மச்சானை எங்கள் பக்கம் கல்யாணப் பந்தி ஒவ்வொன்றிலும் பார்க்கலாம்.

வேலை போன ஆம்பிளை வழக்கமான நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும் காட்சியைப் பார்த்து அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டர் இல்லாத மாசங்களில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியில் பிரச்சினைக்கு மேல் பிரச்சினையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க போனில் ஒரு கடன் என்று மனுஷன் வழுக்கிக்கொண்டே போவதை இவ்வளவு கணக்காகக் காட்டிய படம் சமீபத்தில் வேறில்லை.

'வாழை'யைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். மாரி செல்வராஜ் தன் சிறு வயதில் நடந்ததை வைத்து எடுத்த படம். 2024 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. மற்ற பிள்ளைகள் லீவுக்கு ஏங்குவார்கள். இந்தப் பையன் சிவனணைந்தானுக்கு லீவு என்றாலே கிலி, ஏனென்றால் அன்றைக்கு வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். பள்ளிக்கூடம்தான் அவனுக்கு ஓய்வு. பூங்கொடி டீச்சரின் கைக்குட்டையில் அவன் உலகம் இருக்கிறது.

நானும் முழுப் பரீட்சை லீவில் கைமடி வேலைக்குப் போனவள். டைலர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி, இடையில் இருக்கும் நூலை வெட்டி, அடுக்கி, பண்டல் கட்டிக் கொடுக்க வேண்டும். டைலருக்குப் பீஸ் ரேட். அவர் கை நின்றால் அவருக்குக் காசு போகும், அதனால் நம் கை நிற்க விடமாட்டார். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் துணி என்ன நிறமோ அந்த நிறத்தில் பஞ்சு வரும். பள்ளிக்கூடம் திறக்கிற நாளை விரலில் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளில் நான் ஒருத்தி. சேற்றில் கால் புதையப் புதையத் தாரைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் நடக்கும்போது என் கழுத்து கடுத்தது. இதை ஏதோ பேச்சுக்குச் சொல்லவில்லை.

கூலியில் ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்பதுதான் அந்தக் கதையின் முடிச்சு. ஒரு ரூபாய்க்கா இவ்வளவு என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. திருப்பூருக்கு அந்த ஒரு ரூபாயின் கனம் தெரியும். பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்த நாட்களில் அடுப்பு எரியாத வீடுகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். படத்தின் கடைசியில், பசியோடு வீட்டுக்குள் புகுந்து பானைச் சோற்றில் கை வைக்கும் பையனைத் தாய் அடித்து விரட்டுவதும், பிறகு அதை நினைத்தே அவள் கதறுவதும் வருகிறது. அந்த இடத்தில் இசையைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன். தியேட்டரில் எதையும் நினைக்க முடியவில்லை.

'கூலி' என்று பெயர் வைத்து ரஜினி நடிக்கிறார் என்றதும் எங்கள் கம்பெனியே எதிர்பார்த்தது. 'அண்ணாமலை'யில் பால்காரர், 'உழைப்பாளி'யில் கூலிக்காரர், 'பாட்ஷா'வில் ஆட்டோக்காரர். அவர் நடந்து வரும்போது நம்மோடு வேலை செய்கிற ஒருவர் நடந்து வருவதுபோல இருந்தது. அவரது முதல் படம் 'அபூர்வ ராகங்கள்' வந்து ஐம்பது வருஷம் நிறையும் நேரம். இயக்கிய லோகேஷ் கனகராஜோ பக்கத்து கிணத்துக்கடவுக்காரர். தமிழ்நாட்டில் 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்பதால் எங்கள் பக்கத்துப் பையன்கள் 6 மணிக் காட்சிக்குப் பாலக்காட்டுக்கே போனார்கள். ஏ சான்றிதழ் என்பதால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் போனோம்.

ரஜினி அழகாகத்தான் இருந்தார். கை வில்லையில் 1421 என்ற எண் தெரிந்தபோது விசில் அடித்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. ஆனால் அந்த எண்ணை மாட்டிக்கொண்டு ஒரு மனிதன் முழு நாள் என்ன செய்வான், எத்தனை மூட்டை இறக்குவான், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவான் என்று படம் நின்று பார்க்கவே இல்லை. துறைமுகம் வருகிறது, சரக்கு இறக்குகிறவர்களின் முதுகு வரவில்லை. பிணங்களை எரிக்கும் நாற்காலிக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியை அந்த முதுகுகளுக்குக் கொடுத்திருந்தால் படத்தின் பெயர் படத்துக்குப் பொருந்தியிருக்கும்.

'லப்பர் பந்து' எனக்கு நெம்பப் பிடித்த படம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் புருஷனைக் கட்டி மேய்த்தவர்களுக்கு, டிராக்டரை ஏற்றி ஆடுகளத்தையே உழுதுவிடும் யசோதை குலதெய்வம். 'தலைவன் தலைவி'யில் பரோட்டாக் கடை நன்றாக வாசம் வீசியது. கத்தல்தான் காதை அடைத்தது. 'மெய்யழக'னை வெளியான சில நாட்களிலேயே 18 நிமிஷம் போலக் குறைத்தார்கள். குறைத்திருக்க வேண்டாம். ஊரை விட்டுப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள், இன்னொரு குடும்பத்தைக் கரையேற்றியதாகக் கார்த்தி சொல்லும் இடத்துக்காக எத்தனை மணி நேரமும் உட்காரலாம். மதுரை, தேனி, தஞ்சாவூர், ஒடிசா, பீகார் என்று ஊரை விட்டு வந்தவர்களால்தான் திருப்பூர் ஓடுகிறது. அவர்களில் யாருக்கும் அந்தப் படம் நீளமாகப் பட்டிருக்காது.

எங்கள் டேபிளில் என்னைவிட மூத்த அக்கா ஒருத்தர் இருக்கிறார். நான் 'கூலி'யைக் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஏங்கண்ணு, வாரம் பூரா வேலையத்தானே பாக்கறோம். அங்க போயும் அதையே பாக்கறதுக்கா காசு குடுக்கறது? ரஜினி வந்தாரு, நாலு பேரை அடிச்சாரு, நான் நிம்மதியா வந்து படுத்தேன்" என்றார். அவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. பத்து மணி நேரம் நின்ற காலுக்கு ஏசிக் காற்றும் ரஜினி நடையும் மருந்துதான். ஆனால் அதே அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் 'குடும்பஸ்தன்' ஓடவிட்டு, மச்சான் வரும் இடத்துக்கெல்லாம் "இவன் எங்கூட்டுக்காரரோட தம்பியேதான்" என்று பக்கத்திலிருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். தன்னை மறக்க ஒரு படம் வேண்டியிருக்கிறது அவருக்கு. தன்னைப் பார்க்கவும் ஒன்று வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் நமக்குக் குறைவாகக் கிடைக்கிறது.

'கூலி' 2025 ஆகஸ்ட் 14இல் வந்தது. அதே மாசம் 27ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. விசில் சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் ஓவர்டைம் நின்றது. ஓனரின் முகத்தைப் பார்த்தே ஆர்டர் நிலவரம் சொல்லப் பழகினோம். யாராவது இதைப் படமாக எடுக்க வேண்டும். ஷிப்மென்ட்டுக்கு முந்தின ராத்திரியில் வந்து நின்று பார்த்து எடுக்க வேண்டும். ஓவர்லாக் மிஷின்கள் ஒரே மூச்சாக ஓடும், அயர்ன் டேபிளில் ஆவி பறக்கும், அளவு ஒத்துவராத ஒரு பண்டல் திரும்பி வரும், சூப்பர்வைசர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டுவார். பத்து மணிக்கு டீயும் பன்னும் வரும். பீகார்ப் பையன் ஒருவன் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மிஷினைக் காட்டுவான். கண்டெய்னர் கிளம்பிய பிறகு வாசல்படியில் உட்கார்ந்து பெண்கள் கால் நீட்டுவார்கள். சண்டைக் காட்சி வேண்டுமென்றால் அதற்கும் ஒரு காரணம் இங்கே தாராளமாகக் கிடைக்கும். அந்தப் படம் வருகிற வாரம் அக்காவுக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுப்பேன்.