அடுத்தவர் குதித்த பாராசூட்

லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குத் தென்கிழக்கே, வறண்ட மலைகளுக்கு நடுவே இருக்கிறது பெர்ரிஸ். ஊருக்குப் புகழ் சேர்ப்பது அங்குள்ள விமான ஓடுதளம். வார இறுதியில் அங்கு ஏறும் பயணிகளில் பெரும்பாலோர் விமானத்துடன் தரையிறங்குவதில்லை. 12,500 அடி உயரத்தில் கதவைத் திறந்து குதித்துவிடுகிறார்கள். 2022 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை, பாராசூட் மடிக்கும் கூடத்தின் அறிவிப்புப் பலகைக்கு எதிரே வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார் புனேவைச் சேர்ந்த 31 வயதுப் பெண் ஒருவர். பலகையில் ஒரு சீட்டு: முழு செட் விற்பனைக்கு, 4,200 டாலர். அவர் கையில் வேறொரு தாள் இருந்தது. தன் உடம்பின் அளவுக்குப் புதிதாகத் தைத்து வாங்குவதற்கான படிவம். காத்திருக்க வேண்டிய காலம் ஒன்பது மாதம் என்று சொல்லியிருந்தார்கள்.

இர்வைன் நகரில் மென்பொருள் வேலை. எச்-1பி விசா. வானத்திலிருந்து குதிக்கும் ஆசை மட்டும் புனேயிலேயே முளைத்தது. அதே ஊரைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் 2004 ஏப்ரலில் வட துருவத்தின் மீது குதித்தபோது இவர் பள்ளி மாணவி. ஒத்திகைகூட இல்லாமல் அதுவே மகாஜனின் முதல் குதிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. அதைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைத்த பெண், 18 ஆண்டுகள் கழித்து ஒரு வார இறுதியில் பயிற்சிக்குப் பணம் கட்டினார். ஆகஸ்ட்டில் அவர் கணக்கில் 32 குதிப்புகள் இருந்தன. உரிமமும் கைக்கு வந்துவிட்டது. சொந்தமாகப் பாராசூட் மட்டும் இல்லை.

வாடகைக்குக் கிடைக்கும். ஒரு குதிப்புக்குச் சுமார் 30 டாலர், விமானக் கட்டணம் தனி. வாரத்துக்கு நான்கு முறை குதித்தால் 120 டாலர். ஒன்பது மாதத்துக்கு 36 வார இறுதி என்று வைத்துக்கொண்டால் 4,320 டாலர். அதாவது, புதியதுக்குக் காத்திருக்கும் காலத்துக்கு வாடகையாகக் கொடுக்கும் பணத்தில், பலகையில் இருந்த செட்டையே வாங்கிவிடலாம். பொறியாளரான அவருக்கு இந்தக் கணக்கு போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பிரச்சினை அந்தக் கணக்கில் இல்லை.

முதுகில் மாட்டும் அந்த மூட்டையில் நான்கு பொருள்கள் உண்டு. வார்ப் பட்டைகளுடன் கூடிய பை. அதற்குள் முதன்மைப் பாராசூட். அது சரியாக விரியாவிட்டால் கைகொடுக்க ரிசர்வ் பாராசூட். குதித்தவர் மயங்கிவிட்டாலோ நேரத்தை மறந்துவிட்டாலோ, தரைக்குச் சுமார் 750 அடி உயரத்தில் ரிசர்வைத் தானாகவே அவிழ்த்துவிடும் சிறிய மின்னணுக் கருவி. 2022இல் நான்கையும் புதிதாக வாங்க 9,000 டாலர் வரை ஆகும். அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல். கான்பூரில் 1941 முதல் பாராசூட் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் அது ராணுவத்துக்கானது. விளையாட்டுக்குக் குதிப்பவர்கள் வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களைத்தான் நம்ப வேண்டும்.

பையைத் தைப்பதற்குத்தான் அத்தனை மாதங்கள். கழுத்திலிருந்து இடுப்பு, தோள், தொடை என்று அளவெடுத்து அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்டித் தைக்கிறார்கள். பெருந்தொற்றுக்குப் பின் குதிக்கும் கூட்டம் பெருகியது, தையல்காரர்கள் பெருகவில்லை. படிவத்தில் பாதிக்கு மேல் நிறங்களைப் பற்றிய கேள்விகள். எந்த மடிப்புக்கு எந்த நிறம், எந்த ஓரத்துக்கு எந்த நூல் என்று மாலை முழுவதும் யோசிக்கிறவர்கள், அளவெடுக்கும் வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். தப்பான நிறம் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். தப்பான அளவு செய்யும் வேலை வேறு.

அதை அவர் அன்று மாலையே தெரிந்துகொண்டார். பலகையில் இருந்த செட்டை அந்தத் தளத்தின் ரிகரிடம் எடுத்துப் போனார். ரிசர்வ் பாராசூட்டை மடிக்கவும் பழுது பார்க்கவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் உரிமம் பெற்றவர்கள் ரிகர்கள். அறுபதைத் தாண்டிய இந்த மனிதர் பையைத் திறப்பதற்கு முன், அதை அவருக்கு மாட்டிவிட்டு, கூரையிலிருந்து தொங்கிய கொக்கிகளில் கோத்துத் தூக்கினார். மார்புப் பட்டை தொண்டைக்கு ஏறியது. "பிரதானத்தைக் கழற்றுங்கள்" என்று சத்தம் போட்டார். பயிற்சியில் நூறு முறை செய்தது போல அவர் கை வலது விலாவுக்குப் போனது. பிடி அங்கே இல்லை. இரண்டாம் முறை தடவி, குனிந்து பார்த்தபோது, அது இடுப்புக்கு அருகில் இருந்தது. செட்டின் சொந்தக்காரர் ஆறடி உயரம். இவர் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அவர் பெற்றிருந்த உரிமத்தின்படி, பாராசூட் சரியில்லை என்றால் 2,500 அடிக்குள் முடிவெடுத்துச் செயல்பட வேண்டும். எதுவுமே விரியாமல் விழுகிறவருக்கு அங்கிருந்து தரை சுமார் 14 விநாடி தூரம். அதில் பிடியைத் தேடுவதற்கு எத்தனை விநாடி ஒதுக்கலாம் என்பதை ரிகர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பிறகுதான் பாராசூட்டைத் தொங்கவிட்டு அளந்தார். 650 முறை விரிந்தது. கயிறுகளை ஒரு முறைகூட மாற்றவில்லை. விரியும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துணி கயிறுகளில் உரசிக்கொண்டு இறங்குகிறது. அந்தச் சூட்டில் ஸ்பெக்ட்ரா இழைக் கயிறுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். எல்லாம் ஒரே அளவு சுருங்கினால் பெரிய பாதகமில்லை. ஓரத்துக் கயிறுகளும் திசை திருப்பும் கயிறுகளும் அதிகம் சுருங்குவதால், காலப்போக்கில் பாராசூட் தன் வடிவத்தை இழக்கிறது. துணிக்கோ வெயில்தான் எமன். அதற்கடுத்து பெர்ரிஸ் மாதிரி ஊர்களின் புழுதி.

இவை எல்லாமே பணம் செலவழித்தால் சரிசெய்யக் கூடியவை. ரிகர் மறுத்ததற்கு முக்கியக் காரணம் வேறு. விற்பனைக்கு இருந்த பாராசூட்டின் பரப்பு 135 சதுர அடி. குதிப்பவரின் எடையை, மூட்டையும் சேர்த்து, பவுண்டில் எடுத்துப் பரப்பால் வகுத்தால் வரும் எண்ணை இவர்கள் வேதம் போல ஓதுகிறார்கள். அந்தப் பெண் 58 கிலோ, அதாவது 128 பவுண்டு. மூட்டைக்கு 25. மொத்தம் 153. வாடகைக்கு எடுத்துவந்த 190 சதுர அடியில் அந்த எண் 0.8. 135இல் 1.13. எண் ஏற ஏறப் பாராசூட் வேகமாகப் பறக்கும், கூர்மையாகத் திரும்பும், தவறை மன்னிக்காது. புதியவர்கள் ஒன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். நன்றாக விரிந்த பாராசூட்டுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் தப்பாகத் திரும்பிக் காலை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாக் குதிப்புத் தளங்களிலும் உண்டு. செத்தவர்களும் உண்டு.

அப்படியானால் புதிதாகத் தைப்பதே சரி என்று தோன்றலாம். அங்கும் அதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. 32 குதிப்பில் அவருக்குப் பொருத்தமான பாராசூட் 170 சதுர அடி. நூறைத் தாண்டியபின் 150. ஒன்பது மாதத்தில் நூறைத் தாண்டிவிடுவார். பாராசூட்டின் அளவுக்குத் தக்கபடிதான் பையும் தைக்கப்படுகிறது. எனில், எந்த அளவுக்கு ஆர்டர் கொடுப்பது? இன்றைய குதிப்பவருக்கா, இன்னும் உருவாகாத ஒருவருக்கா? பழையதை வாங்குகிறவர் முன்பின் தெரியாதவரின் கடந்தகாலத்தை நம்ப வேண்டும். புதியதுக்குக் காத்திருப்பவர் தன் எதிர்காலத்தை நம்ப வேண்டும். கத்துக்குட்டிக்கு இரண்டுமே தெரியாது.

அந்த வாரம் புனேயிலிருந்து அம்மா போனில் பேசினார். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துவிட்டார். "அடுத்தவர் மாட்டிக் கழற்றியதைப் போட்டுக்கொண்டு வானத்திலிருந்து விழப்போகிறாயா? பணம் போதாவிட்டால் சொல், நகையை வைத்தாவது அனுப்புகிறேன்."

"ஆயி, நான் பிறந்தபோது என்னை எதில் சுற்றினீர்கள்?"

"ஆஜியின் பழைய புடவையில்."

"கோதடி எதில் தைத்தீர்கள்?"

மகாராஷ்டிர வீடுகளில் பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைக்கும் மெத்தை விரிப்புதான் கோதடி. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது வேறு. அந்தப் புடவை யார் உடுத்தியது, எத்தனை வருஷம் உடுத்தியது, எங்கே கிழிந்தது, எல்லாம் எனக்குத் தெரியும்."

பாராசூட் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் சொன்ன இந்த வார்த்தைதான் கடைசியில் வழி காட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு பழைய செட்டுக்கும் அவர் விலையை விட்டுவிட்டு அதன் சரித்திரத்தைக் கேட்க ஆரம்பித்தார். பலர் எரிச்சலடைந்தார்கள். அது போதுமான பதிலாக இருந்தது. செப்டம்பரில் ஒரு பள்ளி ஆசிரியை கிடைத்தார். முழங்கால் அறுவைக்குப் பின் குதிப்பதை நிறுத்திவிட்டவர், ஐந்தடி மூன்று அங்குலம். 2009இல் தைத்த பை, 170 சதுர அடிப் பாராசூட். எல்லாக் குதிப்புகளையும் தேதி வாரியாக எழுதிவைத்திருந்தார். ரிசர்வோடு இருக்கும் அட்டையில் 22 முறை மடித்ததற்கு ரிகர்களின் கையெழுத்து இருந்தது. அது ஒரு முறையும் காற்றில் விரிந்ததில்லை. (ஒரு பெரிய தயாரிப்பாளர் 40 முறை மடித்தால் அல்லது 25 முறை விரிந்தால் ரிசர்வைச் சோதனைக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்.) பையின் இடது மூலையில் ஒட்டுத் தையல் ஒன்று இருந்தது. கேட்பதற்கு முன்பே ஆசிரியை அதைக் காட்டினார். மின்னணுக் கருவியின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுச் சொச்சம். அது முடிந்துவிட்டது என்றும் சொல்லி அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டார்.

ரிகர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கயிறுகளை மாற்றச் சொன்னார். புதுக் கருவியும் சேர்த்து மொத்தம் 4,300 டாலர் ஆனது. கூடவே பையை மட்டும் புதிதாக ஆர்டர் கொடுத்தார், பாதிப் பணம் முன்கூட்டியே. 150க்குத் தைத்து 170ஐயும் திணிக்கக் கூடிய அளவு. ஊதா நிறம் என்று இருபது நிமிடத்தில் முடிவானது. அளவெடுக்கத் தோழி ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம்.

ஐந்து மாதத்தில் பழைய செட்டில் 78 முறை குதித்தார். ஒரு முறை கயிறுகள் முறுக்கிக்கொண்டன, உதைத்து அவிழ்த்தார். மற்றபடி ஆசிரியையின் பாராசூட் சொன்ன பேச்சைக் கேட்டது.

2023 ஜனவரியில் வேலை போயிற்று. அந்த மாதம் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு நேர்ந்ததுதான். எச்-1பி விசாக்காரருக்கு வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். கிடைக்கவில்லை. புதுப் பை அப்போதும் தையல் இயந்திரத்தைப் பார்த்திருக்கவில்லை. கொடுத்த முன்பணம் திரும்ப வராது. எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதியிருந்தது. அதுவரை அந்த நாட்டில் இருப்போமா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. மார்ச்சில் அவர் பழைய செட்டுடன் புனே திரும்பினார். அமெரிக்க விதிப்படி ரிசர்வை 180 நாளுக்கு ஒரு முறை ரிகர் அவிழ்த்து மடிக்க வேண்டும். அந்தக் கெடுவும் அதே மாதம் முடிந்தது. மூட்டை அலமாரி மேல் ஏறியது.

புதுப் பை ஜூனில் ரிவர்சைடில் உள்ள தோழியின் வீட்டுக்கு வந்தது. டிசம்பரில் தோழி அதைப் புனேவுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்கா ஒன்பது மாதம்? லக்ஷ்மி ரோடு தையல்காரன் நான்கு நாளில் தருவானே" என்றார். ஆனாலும் தையலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, மகளுக்குத் தானே மாட்டிவிட்டார். தோளிலும் முதுகிலும் அப்படியே படிந்தது. தொடைப் பட்டைகள் மட்டும் இறுக்கின. பத்து மாத வீட்டுச் சாப்பாட்டில் எடை 63 கிலோ ஆகியிருந்தது. அவர் உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். 164 பவுண்டு. 170 சதுர அடிக்கு 0.96. 150க்குப் போனால் ஒன்றைத் தாண்டிவிடும். ஆக, ஆசிரியையின் பாராசூட்டே இருக்கட்டும்.

2024 பிப்ரவரியில் தாய்லாந்தில் ஒரு வாரம். அங்கிருந்த ரிகர் பழைய பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்து, ரிசர்வை மடித்துப் புதியதில் வைத்துக் கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் குதிக்காததால் முதலில் பயிற்சியாளர் ஒருவருடன் குதிக்க வேண்டியிருந்தது. 111ஆவது குதிப்பு. வலது கை போன இடத்தில் பிடி இருந்தது. அதை இழுக்க வேண்டிய தேவை எழவில்லை.

காலியான பழைய பையை மடிக்கும் கூடத்தின் பலகைக்குக் கீழே விற்பனைக்கு வைத்தார். சீட்டில் விலையை விட மற்ற விவரங்கள் நீளமாக இருந்தன: தைத்த வருடம், இரண்டு சொந்தக்காரர்களின் உயரம், குதித்த எண்ணிக்கை, இடது மூலையில் ஒட்டுத் தையல். மறுநாள் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், முப்பது குதிப்புக்காரர், அதைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள்?"

"உங்கள் உயரம் என்ன?" என்று கேட்டார் அவர்.

ஐந்தடி பத்து என்றார் இளைஞர். அவர் பையைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டினார்.