மைனரும் அத்தையும்

ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. நைனா துறைமுகத்தில் டாலி கிளார்க், எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து ரெட்டை இலை. ஆயாவுக்கு உதயசூரியன். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் அண்ணா கட்சி தொடங்கிய கூட்டத்தைக் கொட்டுகிற மழையில் தன் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாக ஆயா சொல்லும். தேர்தல் வந்தால் இருவரும் ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டே சண்டை போடுவார்கள்.

அத்தைக்குக் கட்சி கிடையாது. நைனாவின் கடைசித் தங்கை. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பேங்க் பாஸ்புக் வைத்திருந்த பெண் அதுதான். சின்ன வயதிலிருந்தே வேலை முடிந்து வருகிற வழியில் ராயப்பர் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரும். ராயபுரத்தில் அது ஒன்றும் புதுசு இல்லை. வெள்ளிக்கிழமை அங்காளம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போடுகிற ஆயாகூட, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாதா கோயிலில்தான் போய் நிற்கும். பிறகு அத்தைக்குக் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற ஒருவரைப் பிடித்துப்போனது. அவர் கத்தோலிக்கர். ஞானோபதேச வகுப்புக்குப் போகத் தொடங்கியது. வருகிற ஈஸ்டருக்கு ஞானஸ்நானம், அப்புறம் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நைனா முதலில் முறைத்தார். பிறகு, "பையன் குடிக்கமாட்டானாமே" என்று அவரே வழிக்கு வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான், 2002 அக்டோபர் 5-ஆம் தேதி, தமிழ்நாட்டில் ரெட்டை இலை ஆட்சியின் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. நைனா தந்தி பேப்பரை விரித்து உரக்கப் படித்தார். வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பதாயிரம் வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனர், பெண், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் நான்கு வருஷம், ஒரு லட்சம். சடங்கு செய்து வைக்கிற சாமியார் கலெக்டருக்குத் தகவல் அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் அவருக்கும் தண்டனை.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி படிண்ணா" என்றது. நைனா படித்தார்.

"மைனருன்னா யாரு, இவனா?" என்று என்னைக் காட்டியது. நான் அப்போது ஒன்பதாவது. "இவனும் நானும் ஒண்ணா? முப்பது பேருக்கு நான் வேலை பிரிச்சுக் குடுக்குறேன். எனுக்கு யாருண்ணா ஆச காட்ட முடியும்?"

நைனாவிடம் பதில் இல்லை. பேப்பரை மடித்து அலமாரி மேல் போட்டார். அன்றிலிருந்து அத்தை என்னைக் கூப்பிட்டதே "டேய் மைனர்" என்றுதான்.

நான் படித்தது கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளிக்கூடம். அக்டோபர் 24 அன்று சட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்கச் சிறுபான்மையினர் பள்ளிகளை மூடினார்கள். எங்களுக்கு அது தீபாவளிக்கு முன்னால் வந்த ஒரு லீவு. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டோரத்தில் கிரிக்கெட் ஆடினோம். மறுநாள் வரலாற்று வாத்தியார் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தி ஜெர்மனியிலும் இப்படி ஒரு சண்டை நடந்துச்சு" என்று ஆரம்பித்தார். 1871-இல் பிஸ்மார்க் ஜெர்மனியை ஒரே பேரரசாக்கினார். போப்பாண்டவர் சொல் கேட்கிற கத்தோலிக்கர்கள் புது நாட்டுக்கு விசுவாசமாக இருப்பார்களா என்று அவருக்குச் சந்தேகம். 1872-இல் இயேசு சபைக்குத் தடை போட்டார். 1873-இல் மே மாதச் சட்டங்கள் வந்தன. பிரஷ்யாவில் குருக்களின் படிப்பும் நியமனமும் அரசின் கைக்குப் போயின. பணியாத ஆயர்களை ஜெயிலில் போட்டார்கள். பலன்? கத்தோலிக்கர்களின் மையக் கட்சி அறுபது சொச்சம் இடத்திலிருந்து 1874 தேர்தலில் 91-க்கு ஏறியது. பிஸ்மார்க்குக்கே அவர்களின் ஆதரவு தேவைப்பட்டது. 1887-க்குள் பெரும்பாலான சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். "ஆனா பதிவுத் திருமணம் மிஞ்சுச்சு" என்று முடித்தார் வாத்தியார்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், அக்டோபர் 31-இல், சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. எங்கள் ராயபுரத்து எம்.எல்.ஏ. ஆளுங்கட்சி அமைச்சர்; நைனா பட்டாசு கட்டும்போதுகூட அரசியல் பேசவில்லை. அத்தை ஈஸ்டருக்குக் காத்திருக்கவில்லை. "கலெக்டருக்கு என் பேரை எழுதி அனுப்பி, சாமியாரை நான் வம்புல மாட்டிவுடணுமா?" என்றது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி ரிஜிஸ்டர் ஆபீஸில் மனு போட்டார்கள். முப்பது நாள் நோட்டீஸ். கம்பிவலை போட்ட பலகைக்குள் அத்தையின் பெயர், வயசு, வீட்டு முகவரி எல்லாம் போகிறவர் வருகிறவர் படிக்கத் தொங்கியது. நானும் போய்ப் படித்தேன். 'மணமகள், வயது 26' என்று டைப் அடித்திருந்தது. அந்த வயசுதான் சட்டத்தின் கண்ணுக்கு என் வயசோடு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

அத்தையோடு நிற்கவில்லை. 2003 ஆகஸ்டில் கோயில்களில் ஆடு, கோழி பலி கொடுக்கக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது அதே அரசு. எங்கள் குலதெய்வம் பொன்னேரிப் பக்கம். வருஷா வருஷம் கிடா வெட்டுதான். "ஏன்டா, எங்காத்தா இன்னா துண்றதுன்னு கோட்டையில உக்காந்தா சொல்றது?" என்று ஆயா நைனாவைப் பிடித்துக்கொண்டது. மாதா கோயிலுக்குப் போகிறவளையும் அம்மனுக்கு வெட்டுகிறவளையும் ஒரே அரசு ஒரே வீட்டில் சேர்த்துவைத்தது. பலித் தடை 2004 தொடக்கத்தில் போனது.

அந்த வருஷம் மே மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அரசு ஊழியர் டிஸ்மிஸ், ரேஷன் கார்டு என்று காரணம் பல. வடசென்னையில் தி.மு.க. ஜெயித்தது. நைனா யாருக்குப் போட்டார் என்று ஆயா எவ்வளவோ கிளறியும் அவர் வாய் திறக்கவில்லை. முடிவு வந்த அடுத்த வாரமே மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி அத்தை ஞானஸ்நானம் வாங்கியது. யாரும் யாருக்கும் தகவல் அனுப்பவில்லை. நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஏமாற்றினாலும் மிரட்டினாலும் தண்டிக்க இந்த நாட்டில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. இருந்தும், உத்தரப் பிரதேசத்தில் 2021-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டத்திலும் அதே பட்டியல் அப்படியே இடம்பெற்றது: மைனர், பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர். ஓட்டுப் போடவும், வரி கட்டவும், ஆட்சியை மாற்றவும் அறிவுள்ள ஒருத்திக்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாது என்கிற சட்டம், எந்த மதத்தைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லிக்கொண்டாலும், பெண்ணை அவமதிக்கிற சட்டம்தான்.