பெரியண்ணன் பேர் இருக்கிறது, பாட்டி பேர் எங்கே?

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு. திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகும் பஸ்ஸில் தென்பெண்ணையாற்றைத் தாண்டினால் எங்கள் ஊர்தான். சுற்றிலும் கரும்பு. நடுவில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் ஊர் முழுக்கக் கரும்புப்பால் வாசனை வீசும். மொட்டை மாடியில் வடாம் காயவைத்துவிட்டு நிமிர்ந்தால், தென்மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும்.

அந்த மலையிலிருந்து ஓர் அம்மாள் எங்கள் தெருவுக்கு வருவாள். கடுக்காய், நெல்லிக்காய், சாமை அரிசி, சில சமயம் தேன் கொண்டு வருவாள். பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு என்றால் கடுக்காயை எப்படி இழைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, "நாங்க இந்த மலையிலயே பொறந்தவங்க இல்லக்கா. எங்க முப்பாட்டன் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவரு" என்றாள்.

காஞ்சிபுரம் எங்கே, கல்வராயன் எங்கே! யார் அந்த முப்பாட்டன்? எப்போது வந்தார்? எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகமெல்லாம் இப்ப இன்டர்நெட்டிலேயே இருக்கும்மா" என்று தேடி எடுத்தாள். அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சாயங்காலங்கள் இப்படித்தான் போயின.

முதலில் ஒரு விஷயம் புரிந்தது. பழைய ஏட்டில் ஒருவரைத் தேட வேண்டுமானால், அந்தக் காலத்தில் அந்த ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்று தெரிய வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் பிறந்தது. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன் தென்னார்க்காடு. கல்வராயன் மலையோ ஒரு பாதி தென்னார்க்காட்டிலும் மறுபாதி சேலம் ஜில்லாவிலும் கிடந்தது. ஆகவே மலை ஒன்றுதான் என்றாலும், அதன் கதை இரண்டு ஜில்லா ஏடுகளில் இருக்கிறது.

சேலம் ஜில்லாவைப் பற்றி லெஃபானு என்ற துரை 1883இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தென்னார்க்காட்டைப் பற்றி 1906இல் ஃபிரான்சிஸ் எழுதினார். பிறகு 1909இல், சென்னை எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி என்பவரின் துணையோடு தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு பாகங்கள் கொண்டுவந்தார். மலைக்காரர்களின் மூக்கையும் தலையையும் அளந்து குறித்தவர் இந்தத் தர்ஸ்டன். அளவுகளோடு கதைகளையும் சேர்த்து வைத்தாரே, அது நம் அதிர்ஷ்டம்!

அந்த ஏடுகளில் அவள் சொன்ன முப்பாட்டன் இருக்கிறார். ஆனால் பிடிக்கப் போனால் நழுவுகிறார். ஒரு கதையில் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். காஞ்சியை விட்டுப் புறப்பட்டு, வழியில் பிரிந்து, ஆளுக்கொரு மலை ஏறினார்களாம். இன்னொரு கதையில் கரியராமர் என்ற சாமிக்குக் காஞ்சி பிடிக்காமல் போக, சாமி முன்னே நடக்க இவர்கள் பின்னே வந்தார்களாம். சேலம் பக்கத்துக் கல்வராயனில் இன்றும் கரியகோயில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவர்கள் காரைக்காட்டு வேளாளர்கள் என்றும், வந்து பத்துத் தலைமுறை ஆயிற்று என்றும் குறிப்புகள் சொல்கின்றன. ஏடெழுதிய துரைமார்கள் எவரும் அந்தப் பெரியண்ணனைப் பார்த்தவர்களில்லை. மலைக்காரர் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். இன்றைக்கு நாம் அதைச் சான்று என்கிறோம்!

எனக்குத் திக்கென்றது ஃபிரான்சிஸின் குறிப்பைக் கேட்டபோதுதான். கல்வராயனில் முன்பே வேடர்கள் இருந்தார்களாம். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் அந்த ஆண்களைக் கொன்றுவிட்டு, அவர்கள் மனைவிமாரைக் கட்டிக்கொண்டார்களாம். செத்துப்போன வேடக் கணவனின் நினைவாகக் கல்யாணத்தில் ஆகாயத்தை நோக்கித் துப்பாக்கி சுடுகிறார்கள் என்று 1906இல் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

மகள் வாசிப்பதை நிறுத்தினாள். நானும் கீரையை வைத்துவிட்டேன். வந்தவர்களுக்குப் பேர் இருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த சாமிக்குப் பேர் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு? ஒரு பேர் கூட இல்லை. வாரிசு முழுக்க அவர்கள் வயிற்றில்தானே வந்தது!

போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு, மகளும் நானும் என் வீட்டுக்காரருமாகக் கிளம்பினோம். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம். அங்கேயும் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. மலையடிவாரத்தில் கோமுகி அணை. அதைத் தாண்டியதும் காற்றே மாறுகிறது. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஓர் இடத்தில் பெரியார் அருவி விழுகிறது. வெள்ளிமலைக்குப் போய்ச் சேரும்போது வெயில் வெயிலாகவே இல்லை. மரவள்ளிக் கொல்லைகளும், ஓட்டு வீடுகளும், வாசலில் காயும் கடுக்காயும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

மலை அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே வாழ்க்கையும் அழகாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலையைச் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் வழிவழியாக ஆண்டார்கள். நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது. இந்த ஜாகீர்கள் ஒழிந்ததோ 1976இல்தான்! ஜாகீர்தார் நிலத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாதாரண குடும்பத்தின் பேர் நிலக் கணக்கில் ஏற எவ்வளவு காலம் ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆணின் பேருக்கே அந்தக் கதி. பெண்ணின் பேர் எங்கே ஏறப் போகிறது?

எங்கள் கடுக்காய்க்கார அம்மாள் தன் மாமியாரிடம் கூட்டிப் போனாள். பல்லெல்லாம் விழுந்து, கண் மட்டும் பளிச்சென்று இருந்த கிழவி. காஞ்சிபுரத்துக் கதையை அப்படியே சொன்னார். புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே சொன்னார். "அது சரி ஆத்தா, அந்தப் பெரியண்ணனைக் கட்டிக்கிட்ட பொம்பளை எங்கிருந்து வந்தா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ எங்கிருந்து வரணும்? அவதான் இங்கயே இருந்தாளே!"

நூறு வருஷத்து ஏடுகளில் இல்லாத பதில் அது. முதலில் வந்தவன் யார் என்றே எல்லாரும் தேடுகிறோம். வருவதற்கு முன்பே இருந்தவளை யாரும் தேடுவதில்லை.

சரி, பெண் பேரை எழுதிய ஏடே கிடையாதா? உண்டு. அது இருக்கும் இடம்தான் வேதனை. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தென்னார்க்காட்டுக்காரர்களும் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டு, பேர், அப்பா பேர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம் தழும்பு வரை எழுதினார்கள். பெண்களுக்கும் தனி நம்பர், தனி வரி! மரியாதைக்காக எழுதவில்லை, ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள். ஆனாலும் இன்று அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பாட்டியின் கிராமம் இதுதானா என்று கடல் கடந்து தேடி வருகிறார்கள் பேரப்பிள்ளைகள். ஊர்ப்பேரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பல ஊர்கள் பிடிபடும்.

சகோதரிகளே, நம் வீட்டு ஏட்டை நாம்தான் எழுத வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நம் பேரிலிருந்து தொடங்கி அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று மேலே போங்கள். அப்பா வழிப் பாட்டிகளையும் இப்படியே எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், பெற்ற பிள்ளைகள், தவறிய பிள்ளைகள் எல்லாம் குறியுங்கள். வருஷம் தெரியாத பெரியவர்களிடம், "பெரிய வெள்ளம் வந்தப்ப நீங்க எவ்வளவு பெரிசு? சாத்தனூர் அணை கட்டினப்ப கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். அணை 1958இல் முடிந்தது. கணக்கு தானே வந்துவிடும். நிலம் இருந்தால் பழைய பத்திரங்களைப் பிரித்துப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்திலும் எல்லை சொல்லும் இடத்திலும் சொந்தக்காரர் பேர் ஒளிந்திருக்கும். அதற்கும் மேலே போக வேண்டுமானால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

எழுதும்போது யாருக்கு என்ன வியாதி இருந்தது, எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கர்ப்பமான பெண்ணிடம் டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?" என்பது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மார்பகப் புற்றுநோய் எல்லாம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை. பாட்டிக்கு மார்பில் கட்டி இருந்தது என்று தெரிந்தால் பேத்தி முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வாள். அப்பா வழியிலும் இது வரலாம் என்பதால் இரண்டு பக்கமும் கேட்டு எழுதுவது அவசியம்.

எங்கள் நோட்டில் என் அம்மா வழியில் நாலு தலைமுறைப் பேர் ஏறிவிட்டது. ஐந்தாவது பேரைத் தெரிந்தவர் என் பெரியம்மா ஒருவர்தான். அவருக்கு எண்பத்தாறு வயது. அடுத்த வாரமே போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியம்மா இருப்பார். பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.