உருளிகாஞ்சனுக்கு ஒரு பிரயாணம்

யாத்திரை செல்கிறவர்கள் புண்ணியத்தைத் தேடிச் செல்வார்கள். சென்ற தை மாதத்தில் நாம் மேற்கொண்ட யாத்திரை அப்படிப்பட்டதன்று. அதன் காரணத்தை நாலு பேர் இருக்கும் சபையில் சொல்வதற்கே கூச்சமாயிருக்கிறது. ஆனாலும் மகாத்மா காந்தி தமது சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதிய விஷயத்தை நாம் ஒளிப்பானேன்? மலச்சிக்கல்தான் காரணம்.

உடம்பில் 10 கிலோவைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் உத்தரவிட்டார். நமக்கு மட்டுமல்ல, நம் மனைவியாருக்கும். காலை இட்டிலி போயிற்று. மத்தியானச் சோறு ஒரு கைப்பிடி ஆயிற்று. நெய்க்கும் எண்ணெய்க்கும் வீட்டில் பிரவேசமில்லை. முதல் வாரத்தில் நமக்கு 2 கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி உடம்பிலிருந்து வெளியேறிய நீர் என்பதை அறியாமல், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பெருமை பேசினோம். இரண்டாவது வாரத்தில் வயிறு வேலைநிறுத்தம் செய்தது. ஐந்து நாள்! சிநேகிதர் ஒருவர் கொடுத்த பேதி மருந்தை உட்கொண்டோம். அன்றைய அவஸ்தையை விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு மறுபடியும் நாலு நாள் ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்துகிறோம்.

இந்த நிலையில்தான் புனாவுக்குப் போகும் அலுவல் ஒன்று வாய்த்தது. அதற்கு 30 கிலோமீட்டர் கிழக்கே உருளிகாஞ்சன் என்னும் ஊரில் காந்திஜி ஸ்தாபித்த இயற்கை வைத்திய ஆசிரமம் இருக்கிறதே, அங்கே நாலு நாள் தங்கினால் என்ன என்றார் நம் மனைவியார்.

மும்பை மெயில் சோலாப்பூரைத் தாண்டியதும் பூமியின் நிறமே மாறிவிடுகிறது. கரிசல் மண்; கண்ணுக்கெட்டிய மட்டும் சோளப் பயிர். தௌண்டு தாண்டினால் கரும்புத் தோட்டங்கள். வண்டியில் நாம் பெரும்பாலும் தண்ணீரே குடிக்கவில்லை. இரவில் ஓடும் வண்டியின் கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்ற பயம். இந்தத் தந்திரத்தை நம்மவர்களில் அநேகர், விசேஷமாகப் பெண்மணிகள், கையாளுகிறார்கள். இதைவிட மோசமான தந்திரம் வேறில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

ஆசிரமத்தின் சரித்திரம் சுவையானது. ஏழைகளுக்காக இயற்கை வைத்தியசாலை ஒன்றைப் புனா நகரிலேயே நடத்தலாம் என்று காந்திஜி முதலில் எண்ணினார். நகரத்துக்கு ஏழை வர வேண்டும் என்பதைவிட வைத்தியம் கிராமத்துக்குப் போவதே முறை என்று பிறகு மனம் மாறி, 1946 மார்ச்சில் உருளிக்கு வந்து சுமார் ஒரு வாரம் தங்கி வேலையைத் தொடங்கி வைத்தார். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தாங்கி நின்றவர் மணிபாய் தேசாய். அவரே 1967-ல் அதே ஊரில் மாட்டு வளர்ப்புக்காக நிறுவிய ஸ்தாபனம் தேசமெங்கும் கிளை விட்டிருக்கிறது.

வயிற்றின் மேல் ஈர மண் பட்டி, இடுப்பளவு தண்ணீரில் தொட்டி ஸ்நானம், எளிய ஆகாரம், நடை. குளிர்ந்த மண் வயிற்றுக்கு மிக இதமாயிருந்தது; அதுவே சிக்கலை அவிழ்த்தது என்று சத்தியம் செய்ய நாம் தயாரில்லை. எனிமாவைத் தினசரி வழக்கமாக்கிக் கொள்வதையும் இன்றைய வைத்தியர்கள் விரும்புவதில்லை. நமக்குப் பிரயோஜனப்பட்டது அங்கிருந்த இளம் வைத்தியர் ஒருவர் கேட்ட கேள்விகள்தான்.

"காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"ஒன்றுமில்லை" என்றோம், சற்றுக் கர்வத்துடன்.

அவர் சிரித்துவிட்டு, காந்திஜியின் கதையையே எடுத்துக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் காந்திஜி மலச்சிக்கலாலும் தலைவலியாலும் அவதிப்பட்டார். மாஞ்செஸ்டரில் காலை உணவை விட்டவர்களின் சங்கம் ஒன்று உண்டென்று படித்துத் தாமும் விட்டார். தலைவலி போயிற்று, மலச்சிக்கல் போகவில்லை. கூனே என்ற ஜெர்மானியரின் தொட்டி ஸ்நானத்தால் ஓரளவு குணம் கண்டு, பிறகே யூஸ்ட் என்பவரின் புத்தகத்தைப் படித்து மண் பட்டிக்கு வந்தார். காலை உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் விழித்துக்கொண்டு அசையத் தொடங்குகிறது என்பது இன்று நன்கு தெரிந்த விஷயம். அந்த அழைப்பு மணியையே நாம் அறுத்துவிட்டோம். ஆகாரத்தைக் குறைத்தபோது அதோடு நார்ப் பொருளும் குறைந்தது. குடலுக்குத் தள்ளுவதற்குச் சரக்கே இல்லை. தண்ணீரும் குறைந்தால் இருக்கிற கொஞ்சமும் இறுகிப் போகாமல் என்ன செய்யும்?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும், காய்கனிகள் 400 கிராமாவது வேண்டும் என்பது 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன கணக்கு. நம் கைப்பிடி வெள்ளைச் சோறும் தெளிந்த ரசமும் அதில் கால் பங்கைக்கூடத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம். வைத்தியர் சோற்றைக் கூட்டச் சொல்லவில்லை. கீரை, அவரை, கொத்தவரை, தோலோடு முளைகட்டிய பயறு, கொய்யாப் பழம் இவற்றைக் கூட்டச் சொன்னார். எடை கூட்டாமல் வயிற்றை நிரப்புபவை இவை. ஆனால் ஒரே நாளில் அள்ளிக் கொட்டினால் வயிறு ஊதிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். இசப்கோல் உமியைத் தாராளமான தண்ணீரோடு கலக்கி உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு சிட்டிகை எண்ணெய்கூடக் கூடாதென்ற விரதத்தையும் விடச் சொன்னார். காலைச் சிற்றுண்டிக்குப் பின் பத்து நிமிஷம், அவசரமில்லாமல், குட்டை முக்காலியில் பாதங்களை உயர்த்தி வைத்து உட்காரும்படியும் சொன்னார். நம் பாட்டனார் குந்தி உட்கார்ந்த முறைக்கே இது சுற்றி வந்து சேர்கிறது.

மூன்றாம் நாள் காலை நமது துன்பம் நீங்கியது. அந்த ஆனந்தத்தில் ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோம். அருகிலுள்ள தேவூரில் அஷ்ட விநாயகர்களில் ஒருவரான சிந்தாமணிப் பிள்ளையார் கோயில் கொண்டிருக்கிறார். அத்தனை பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார் என்று வியந்தோம்.

நம் மனைவியார் சிரிக்கவில்லை. பிராகாரத்தில் களைத்து உட்கார்ந்துவிட்டார். வெயிலேறிய பிறகும் போர்வையை எடுக்கவில்லை. அவருக்கு எடையும் குறையவில்லை, சிக்கலும் நீங்கவில்லை. இதில் நாம் செய்த குற்றம் ஒன்று உண்டு. சமையலறையில் மறைவாக ஏதோ சாப்பிடுகிறாய் என்று வீட்டில் பல தடவை பரிகாசம் செய்திருக்கிறோம். அவர் பதில் சொன்னதில்லை.

இளம் வைத்தியர் அவரிடமும் கேள்வி கேட்டார். குளிர் தாங்கவில்லையா? முடி உதிர்கிறதா? எப்போதும் அசதியா? எல்லாவற்றுக்கும் "ஆம்". "மண் பட்டி பிறகு ஆகட்டும். முதலில் இரத்தப் பரிசோதனை" என்றார். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வேலையில் பின்தங்கிவிட்டது என்று மறுநாள் புனாவில் தெரிந்தது. அது மந்தப்பட்டால் குடலும் மந்தப்படும், எடையும் ஏறும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, வயிறு வீக்கம் என்று ஏதாவது கண்டாலும், முயலாமலே உடல் மெலிந்தாலும், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

திரும்பும் வண்டியில் நாமே இறங்கி ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் தண்ணீர் பிடித்து வந்தோம். குண்டக்கல்லில் மன்னிப்பும் கேட்டோம். "தண்ணீரை முதலில் நீங்கள் குடியுங்கள்" என்றார்.

இப்போது விடியற்காலையில் அவர் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். இசப்கோலை அதற்குப் பல மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்கிறார். மாத்திரை உடம்பில் சேருவதை அது தடுக்கக்கூடுமாம். அந்த ஒரு மணி நேரத்தில் கொத்தவரங்காய் நறுக்குவது நமது வேலை. மூன்று மாதத்தில் அவருக்கு 4 கிலோ குறைந்திருக்கிறது, நமக்கு மூன்று.